குருந்தூர் மலையிலிருந்து நாயாறு வரை

வன்னிக்கு மலைகளைக் காண வருவோர் இல்லை. குளம் பார்க்க வருவர். வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்க வருவர். 2009இன் பின்னர் முள்ளிவாய்க்காலை நோக்கி வருவோரும் உளர். தெற்கே மத்திய மலைநாட்டைக் கண்டு பழகிய கண்ணுக்கு வன்னி ஒரே சமதரையாகத் தோன்றும். எனினும் முல்லைத்தீவின் உட்புறக் காடுகளில் ஆங்காங்கே தனித்து நிற்கும் பாறைக்குன்றுகள் உண்டு. புவியியலார் அவற்றை எச்சக்குன்றுகள் என்பர். சுற்றியிருந்த நிலமெல்லாம் தேய்ந்து போக, தேயாமல் எஞ்சியவை அவை. 2024ஆம் ஆண்டு வற்றாப்பளைப் பொங்கல் முடிந்து மூன்று கிழமை கழிந்தபின், அத்தகைய குன்றொன்றிலிருந்து கடற்கரை வரை ஒரு பகல் முழுவதும் இருவர் நடந்தனர். ஒருவர் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். எழுபத்து நான்கு வயது. மற்றவன் பல்கலைக்கழகத்தில் அதே பாடத்தை இறுதியாண்டில் கற்கும் இளைஞன். கமரா இளைஞனுடையது, பயணம் ஆசிரியருடையது.

1976இல் இதே வழியை ஆசிரியர் ஒருமுறை நடந்திருந்தார். முல்லைத்தீவுப் பாடசாலையொன்றில் புதிதாக நியமனம் பெற்றிருந்த காலம் அது. உயர்தர வகுப்பு மாணவர் மூவரை அழைத்துக்கொண்டு, தண்ணிமுறிப்புக் குளத்திலிருந்து குருந்தூர் மலை ஏறி இறங்கி, குமுழமுனை வழியாக நாயாற்றுக் கடலைச் சேர்ந்தார். கையில் இரவல் வாங்கிய யஷிக்கா கமரா. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த அந்த ஆண்டுகளில் பிலிம் றோல் கிடைப்பது எளிதன்று. பால்மாவுக்கும் துணிக்கும் வரிசையில் நின்ற நாட்டில் பிலிமுக்காகக் கவலைப்பட்டவர் சிலரே. கொழும்பிலிருந்து நண்பரொருவர் அனுப்பிய ஒரேயொரு றோலில் பன்னிரண்டு படங்கள் எடுக்கலாம். பன்னிரண்டையும் ஒரே நாளில் எடுத்து முடித்தார்.

அந்தப் பன்னிரண்டு படங்களும் இன்று இல்லை. 2009இன் தொடக்க மாதங்களில் விசுவமடு, சுதந்திரபுரம், இரணைப்பாலை என்று குடும்பம் நகர்ந்தபோது, தூக்க முடியாதவற்றை ஒவ்வோரிடத்திலும் விட்டுச் செல்ல வேண்டியிருந்தது. அரிசியா, அல்பமா என்ற கேள்விக்கு இரண்டு விடை இருந்ததில்லை. வன்னியில் எத்தனையோ வீடுகளின் கல்யாணப் படங்களும் இறந்தோர் படங்களும் பதுங்குகுழி மண்ணோடு போயின. இறந்தவரின் படத்துக்கு மாலை போட விரும்பும் குடும்பம், அடையாள அட்டையிலிருந்த தபால்தலையளவு முகத்தைப் பெருப்பித்து மாட்டியிருப்பதை இன்றும் இப்பகுதி வீடுகளில் காணலாம். இளைஞனின் வீட்டிலும் அவ்வாறே. அவனது தாயின் தந்தை 1976இல் அந்த மூன்று மாணவருள் ஒருவர். 2009 ஏப்ரலில் மாத்தளனில் ஷெல் வீச்சில் இறந்தார். அவரது இளமைப் படமாக இருந்தது அந்தப் பன்னிரண்டாவது படம் ஒன்றே.

மீள்படப்பிடிப்பு என்றொரு முறை உண்டு. அமெரிக்க மேற்குப்புறத்தை 1870களில் அளவையாளரோடு சென்ற படப்பிடிப்பாளர் எடுத்த மலைகளையும் பள்ளத்தாக்குகளையும், 1977 முதல் 1979 வரை மார்க் கிளெற்றும் அவருடைய தோழரும் தேடிச் சென்று, அதே இடத்தில், இயன்றவரை அதே வெளிச்சத்தில் மீண்டும் எடுத்தனர். நூறாண்டில் எது மாறிற்று, எது மாறவில்லை என்பதை இரு படங்களையும் அருகருகே வைத்துக் கண்டனர். இதை விரிவுரையில் கேட்டுவந்த இளைஞன்தான் ஆசிரியரிடம் பயணத்தை முன்மொழிந்தான். அவர்களுக்கும் இவர்களுக்கும் ஒரு வேறுபாடு இருந்தது. அவர்களின் கையில் மூலப்படம் இருந்தது. இங்கே மூலப்படம் ஆசிரியரின் நினைவில் மட்டுமே இருந்தது.

அதிகாலையில் முள்ளியவளையிலிருந்து மோட்டார்ச் சைக்கிளில் குமுழமுனை வரை வந்து, தெரிந்த வீடொன்றில் அதை நிறுத்திவிட்டு நடந்தனர். வழியில் யானை இலத்தி ஈரம் காயாமற் கிடந்தது. ஆசிரியர் நின்று, காற்று எப்பக்கமிருந்து வருகிறதென்று பார்த்த பின்னரே மேலே நடந்தார். கச்சான் தொடங்கியிருந்தது. அக்காற்று வன்னிக் காட்டின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு கிழக்குக் கடலுக்குப் போகும். பாலை மரங்களின் கீழே பழம் மஞ்சளாக உதிர்ந்திருந்தது. இளைஞன் பொறுக்கித் தின்று, மிச்சத்தைக் கமராப் பைக்குள் போட்டான். பாலைப்பழத்தின் பால் உதட்டில் ஒட்டினால் இலகுவில் விடாது; பையில் ஒட்டினாலும் விடாது என்பதை அவன் மாலையில்தான் அறிந்தான்.

தண்ணிமுறிப்புக் குளக்கட்டில் முதலாவது படம். 1976இல் துருசுக்கு அருகில் நின்று, நீரும் அதன் அப்பால் காடும் தெரிய எடுத்ததாக ஆசிரியர் சொன்னார். அடுத்த மூன்று படங்களும் மலையடிவாரத்துக்குரியவை. சிக்கல் அங்கே தொடங்கிற்று. தாம் நின்ற இடத்துக்கு அடையாளமாக ஆசிரியர் நினைவில் வைத்திருந்தது இரட்டைக் கவருள்ள ஒரு பாலை மரத்தை. அந்த மரம் இல்லை. அதே போன்ற வேறு நாலு மரங்கள் இருந்தன.

"சேர், இதிலை நிண்டோ எடுத்தனீங்கள்?"

"இல்லைத் தம்பி. இன்னும் கொஞ்சம் கீழை. பாலைக்கு இடப்பக்கமா நிண்டனான்."

"பாலை இல்லையே, சேர்."

ஆசிரியர் சிறிது நேரம் நின்றார். பின்னர் தமக்கே சொல்வது போல, "மரத்தை விடு. பாறையைப் பார்" என்றார்.

அதன் பின்னர் வேலை எளிதாயிற்று. பாறையிலிருந்த வெடிப்பொன்று, இடுப்பளவு உயரத்தில் வெண்ணிறமாக ஓடிய படிகக் கோடொன்று, இரண்டையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்தபோது ஆசிரியரின் கால் தானாக நின்றது. இலங்கையின் மிகப் பழைய பாறைகளை வகுத்த புவிச்சரிதவியலாளர் அவற்றுள் ஒரு பெரும் பிரிவுக்கு வன்னித் தொகுதி என்றே பெயரிட்டுள்ளனர். வெப்பத்திலும் அமுக்கத்திலும் உருமாறி ஐம்பது கோடி ஆண்டுக்கு மேலாயிற்று என்று கணிக்கப்படும் பாறை அது. அதனோடு ஒப்பிட்டால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நேற்றுப் பிறந்தது. நாற்பத்தெட்டு ஆண்டு அந்தப் பாறைக்கு ஒரு கணமும் அன்று. வகுப்பறையில் இக்கணக்கை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிய ஆசிரியருக்கு, அது ஒரு மனிதனுக்கு இப்படியும் உதவும் என்பது புதிதாக இருந்தது போலும். இரண்டு முறை பாறையைக் கையால் தட்டினார்.

மலையுச்சியின் கதை வேறு. குருந்து என்பது முள்ளுள்ள ஒரு சிறு மரம், காட்டெலுமிச்சை இனம். திருப்பெருந்துறையில் மாணிக்கவாசகர் குருவைக் கண்டது குருந்த மரத்தடியில் என்பது சைவ மரபு. பாளி வரலாற்று நூல்கள் கூறும் குருந்தி விகாரை இம்மலையிலேயே இருந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆக ஒரு மரத்தின் பெயர் இரு மரபுகளிலும் வேரூன்றியிருக்கிறது. 1895இல் வெளியான லூயிஸ் துரையின் வன்னிக் கையேடு, காடு மூடிய குளங்களையும் இடிபாடுகளையும் பொறுமையோடு பதிவு செய்தது. 1933இல் மலை தொல்பொருட் காப்பிடமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் குமுழமுனை, தண்ணிமுறிப்பு மக்கள் ஆதி ஐயனாருக்கு அங்கே பொங்கி வந்தனர். 1976இல் இதில் எவருக்கும் முரண்பாடு தோன்றவில்லை. இடிந்த செங்கல் மேடும் கற்றூண்களும் ஒருபுறம், சூலம் ஒருபுறம், நடுவே குரங்குகள். அன்று ஆசிரியர் ஐந்தாவது படத்தை மேட்டுக்கும் ஆறாவதைத் தூண்களுக்கும் செலவிட்டார். ஏழாவதைக் கிழக்கே திரும்பிக் காட்டின் விளிம்பில் கடல் தெரிவதாக எண்ணி எடுத்தார். கழுவி வந்தபோது கடலையும் வானத்தையும் பிரிக்கும் கோடு படத்தில் இல்லை. கடல் உண்மையில் தெரிந்ததா என்பதில் மாணவர் மூவரும் அன்றே மூன்று கருத்துடையவராக இருந்தனராம்.

2021 ஜனவரியில் அங்கே அகழ்வு தொடங்கிற்று. அடுத்த மாதம் எண்பட்டைக் கல்லொன்று வெளிப்பட, அது பல்லவர் காலத்துத் தாரா லிங்கமே எனத் தமிழர் தரப்பினர் கூற, தாதுகோபத்தின் ஓர் உறுப்பே எனத் தொல்லியலாளர் கூறினர். செங்கல் மேடு புதுச் செங்கல்லால் தாதுகோபமாக எழுந்தது. புதிய கட்டுமானங்கள் பற்றிய வழக்கில் முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றம் 2022இல் கட்டளைகள் பிறப்பித்தது. பொங்கல் வைக்கச் சென்ற மக்களும் வழிபட வந்த பிக்குமாரும் எதிரெதிரே நின்ற நாட்களும் உண்டு. தமிழரிடையே பௌத்தம் வாழ்ந்த நூற்றாண்டுகள் இருந்தன என்பதைப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. மணிமேகலையைப் பாடமாகப் படிப்பவர்கள் அவர்கள். ஆயினும் அந்த உண்மையை நிதானமாகப் பேசுவதற்குரிய இடமாக இன்று அம்மலை இல்லை. அங்கே ஒவ்வொரு செங்கல்லும் யாரோ ஒருவருடைய சாட்சி.

ஆசிரியர் மூச்சு வாங்கி மேலேறி வந்தபோது, கடமையிலிருந்த இளைஞனொருவன் எழுந்து வந்தான். எந்தப் பத்திரிகை என்று தடுமாறிய தமிழிற் கேட்டான்.

"பேப்பருக்கில்லைத் தம்பி. நான் முந்தி வந்தனான். ஒருக்காப் பாத்திட்டுப் போக வந்தனான்."

அவன் முகம் இளகிற்று. பார்க்கலாம், ஒருபக்கம் மட்டும் படமெடுக்க வேண்டாம் என்றான். அவன் காட்டிய பக்கமே ஆறாவது படத்தின் பக்கம். ஆசிரியர் தலையசைத்துத் திரும்பிவிட்டார். ஐந்தாவது படத்தை எடுக்கலாம். எனினும் அதில் இருக்க வேண்டிய மேடு இப்போது இல்லை. ஏழாவதை எடுத்தார்கள். கடல் தெரிகிறதா என்று ஆசிரியர் கேட்டார். இளைஞன் கமராவின் திரையைப் பெருப்பித்துப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்றான்.

இறங்கும்போது இளைஞன் பேசாமல் வந்தான். பாதி வழியில் நின்று சொன்னான்: "நீங்கள் கேட்டிருக்கலாம், சேர். ஏன் எடுக்கக்கூடாதெண்டு. சனம் போனிலை எடுத்த படங்கள் இல்லாட்டி இங்கை என்ன மாறினதெண்டு ஆருக்குத் தெரியும்?"

"தெரியாதுதான்."

"பிறகேன் விட்டனீங்கள்?"

"நான் சாட்சி சொல்ல வரேல்லைத் தம்பி. நான் நிண்ட இடத்திலை திரும்ப நிக்க வந்தனான்."

இளைஞன் சொன்னதில் பிழையில்லை. ஆசிரியரின் பழைய ஆறாவது படம் இன்று கையிலிருந்தால் அது வெறும் காட்சிப்படமாக இராது. ஆவணமாக, நீதிமன்றத்தில் காட்டத்தக்க பொருளாக இருந்திருக்கும். படமெடுப்பதை அற்பமென்று கருதும் உரிமை, நிலம் பறிபோகாதவர்க்கே உண்டு. ஆனால் ஆசிரியரின் விடையையும் முதுமையின் சலிப்பென்று ஒதுக்கிவிட முடியாது. எதையும் நிரூபிக்கும் நோக்கமின்றி ஒரு மலையில் ஏறி, வெளிச்சம் நன்றாக விழுகிறதே என்பதற்காக மட்டும் படமெடுக்கலாம் என்ற நிலை 1976இல் இருந்தது. அந்தப் பன்னிரண்டு படங்களோடு தொலைந்தது அதுவே. மனிதன் தன் ஊரின் அழகை அழகென்று மட்டும் சொல்வதற்கு எத்தனை காரியங்கள் முதலில் ஒழுங்காக இருக்க வேண்டியுள்ளன! நாடெங்கும் சுற்றுலாப் படங்கள் எடுப்போர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ண வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

குமுழமுனைக்கு மீளும் வழியில் லான்ட்மாஸ்டர் ஒன்று நிறுத்தி ஏற்றிக்கொண்டது. 1976இல் இவ்வழியை முழுவதும் நடந்ததாகச் சொல்லி ஆசிரியர் சற்று வெட்கப்பட்டார். பெட்டியில் இருந்தபடியே வயலை இளைஞன் எடுத்தான். குலுக்கலில் படம் கலங்கிற்று. பகலுணவின் பின் மோட்டார்ச் சைக்கிளை அங்கேயே விட்டு, அளம்பில் வரை வேறொருவரின் வாகனத்திலும், அங்கிருந்து கொக்கிளாய் பஸ்ஸிலும் சென்றனர். செம்மலை வந்தபோது, பெயரில் மலை இருந்தும் கண்ணுக்கு ஏன் மலையில்லை என்று இளைஞன் கேட்டான். ஊர்ப்பெயர்களை நம்பி நிலவியல் படிக்கக்கூடாது என்றார் ஆசிரியர்.

நாயாற்றுக் கடலேரி கடலோடு கலக்கும் முகத்தருகே இறங்கினர். கச்சான் காலமாகையால் கிழக்குக் கடல் அடங்கிக் கிடந்தது. மழைக்காலத்தில் வெட்டிப் பாயும் முகத்தை மணல் மேடு அடைத்திருந்தது. கரை நெடுக வாடிகள். தென்மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து மீனவர் இங்கே வருவது நெடுநாள் வழக்கம். உள்ளூரவருக்கும் வந்தோருக்குமிடையே உள்ள பிணக்கும் நெடுநாளையதே. 1984 டிசம்பர் தொடக்கத்தில் கொக்கிளாயிலும் நாயாற்றிலும் சிங்கள மீனவர் கொல்லப்பட்டனர். அதே நாட்களில் ஒதியமலையில் தமிழர் கொல்லப்பட்டனர். அம்மாதத்தில் கொக்கிளாய் முதல் தண்ணிமுறிப்பு வரை தமிழ் ஊர்கள் வெறுமையாயின. போர் முடிந்த பின்னரே பலர் திரும்பினர். 2004இல் ஆழிப்பேரலை, 2018 ஆகஸ்டில் இதே நாயாற்றில் தமிழ் மீனவரின் வாடிகள் எரிந்தன. கரைவலையை இப்போது உழவு இயந்திரம் இழுக்கிறது. அம்பாப் பாடல் கேட்கவில்லை.

மணலில் கருங்கோடுகள் அலை விட்டுச் சென்ற வடிவிலேயே படிந்திருந்தன. இல்மனைற்று, உருத்தைல் முதலிய பாரமான கனிமங்களை அலை இப்படித் தரம் பிரித்து வைக்கும். புல்மோட்டையில் ஆலை வைத்து அள்ளுவதும் இதைத்தான். 1976இல் எட்டு முதல் பதினொன்று வரையான படங்கள் இந்தக் கோடுகளுக்கே போயின. ஒரே பொருளுக்கு நாலு படம் வீணென்று மாணவர் மூவரும் முணுமுணுத்தனராம். இளைஞன் நாற்பது படம் எடுத்தான்.

பன்னிரண்டாவது மட்டும் எஞ்சியது. ஆசிரியர் கடலேரி முகத்திலிருந்து வடக்கே எண்ணி நடந்து, திரும்பி, மீண்டும் நடந்தார். இங்கே பாறை இல்லை. மணலுக்கு நினைவில்லை, ஆண்டுதோறும் இடம் மாறும் கரை அது. கடைசியில் ஓரிடத்தில் நின்று, இங்கேதான் என்றார். அது அதே இடமன்று என்பது இருவருக்கும் தெரியும்.

"அம்மப்பா எதிலை நிண்டவர், சேர்?"

"வலப்பக்கக் கரையிலை. செருப்பு நனையக்கூடாதெண்டு கையிலை பிடிச்சுக்கொண்டு நிண்டவன். நான் அமத்தேக்குள்ளை அலை வந்து காலிலை பட்டிட்டுது. துள்ளினவன்."

"பிறகு?"

"முகம் கலங்கிப் போச்சு. மற்ற ரெண்டு பேரும் வடிவா விழுந்தவங்கள். இன்னொண்டு எடுக்க றோல் இல்லை."

இளைஞன் ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை ஆண்டும் அவன் வீட்டில் பேசப்பட்ட படத்தில் முகம் இருக்கவில்லை என்பதை அவன் தாயும் அறிந்திருப்பாளா என்பது ஐயமே. சற்றுப் பொறுத்து, சிரித்தானோ என்று சொல்ல முடியாத ஒரு குரலில், "துள்ளினவரே?" என்றான்.

"அவன் வகுப்பிலையும் அப்பிடித்தான். ஒரு இடத்திலை நிக்கமாட்டான்."

வெயில் மேற்கே காட்டின் மேல் சாய்ந்துவிட்டது. கிழக்குக் கரையில் மாலை வேளையில் கடலைப் பார்த்துப் படமெடுப்பவனுக்கு ஒரு தொல்லை உண்டு. அவனது நிழலே அவன் முன்னால் நீண்டு படத்துக்குள் வந்துவிடும். 1976இலும் அப்படித்தான், மாணவரின் காலடியில் ஆசிரியரின் நிழல் விழுந்திருந்தது. பெரும் பிழையென்று அன்று வருந்தினார். இப்போது இளைஞன் வெறும் மணலை நோக்கிக் கமராவை உயர்த்தியபோது, அருகில் நின்ற அவர் நிழலைக் கண்டு விலகப் பார்த்தார்.

"நில்லுங்கோ, சேர். அது இருக்கட்டும்."

ஒரே ஒரு படம் எடுத்தான். கமராவின் மூடியைப் போடப் பைக்குள் கையை விட்டவன், பாலைப்பழப் பால் பிசைந்து மூடியும் துணியும் ஒன்றாக ஒட்டிக்கிடப்பதைக் கண்டு திட்டினான். முல்லைத்தீவுக்கான பஸ் பாலத்தில் ஏறுவது தெரிந்தது. மணலில் ஓட முடியாத ஆசிரியர், நீ முன்னுக்குப் போய் மறி என்று அவனை அனுப்பினார்.